சுவருக்கு எவ்வளவு, மண்ணுக்கு எவ்வளவு?

கே: அப்பா 1984-ல் ஒரு கிரவுண்டில் கட்டிய வீடு. என்ன விலை சொல்லலாம்? (தாம்பரம்)

ப: மண்ணையும் சுவரையும் பிரித்துக் கணக்குப் போடுங்கள். மண்ணுக்கு வயதாகாது, சுவருக்கு ஆகும்.

கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. தெருவில் சதுர அடி 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனை 1 கோடியே 20 லட்சம். வீடு 1,200 சதுர அடி என்றால், இன்று 2,500 வீதம் புதிதாகக் கட்ட 30 லட்சம். கான்கிரீட் வீட்டுக்கு 60 வருஷ ஆயுள், கடைசியில் 10 சதவீதம் மிஞ்சும் என்று மதிப்பீட்டாளர்கள் போடுவது வழக்கம். 40 வருஷத்துக்கு 60 சதவீதம் தேய்மானம் போனால் மிச்சம் 12 லட்சம். ஆக மொத்தம் 1 கோடியே 32 லட்சம்.

அப்பா வியர்வை சிந்திக் கட்டியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே என்று வருந்தாதீர்கள். மனையை வாங்கிப் போட்டதும் அதே அப்பாதான்.

கே: தெருவில் சதுர அடி என்ன போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பக்கத்து வீட்டுக்காரர் 9,000 என்கிறார். (திருச்சி)

ப: உங்கள் வீட்டை அவரே வாங்கிக்கொள்வாரா என்று கேளுங்கள், 4,000-க்கு இறங்கிவிடுவார்.

பத்திரம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். உங்கள் சர்வே எண்ணோடு நிறுத்தாமல், அதே தெருவில் அண்மையில் கைமாறிய மனைகளின் எண்ணையும் போடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் ‘கைமாற்றுத் தொகை’ என்றொரு கட்டம் இருக்கும். கிரயப் பத்திரத்தில் எழுதிய தொகை அதுதான். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். அவசரத்துக்கு அடிமாட்டு விலையில் தள்ளியவர் இருப்பார், அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்தது இருக்கும். நாலைந்து பாருங்கள்.

பத்திரத்தில் குறைத்து எழுதும் பழக்கம் நம் ஊரில் உண்டு என்பதால் அந்தத் தொகையைத் தரை என்று கொள்ளுங்கள். விளம்பரங்களில் போடும் விலை கூரை. உங்கள் விலை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

கே: வழிகாட்டி மதிப்பையே விலையாகச் சொல்லிவிட்டால்? (ஈரோடு)

ப: அது முத்திரைத்தீர்வைக்காக அரசு போட்ட எண். தமிழகத்தில் 2017-ல் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே ஏற்றினார்கள். இரண்டு நாளிலும் உங்கள் தெருவில் ஒரு செங்கல்கூட அசையவில்லை.

ஆனால் அதைவிடக் குறைத்து விற்காதீர்கள். இடைவெளி 10 சதவீதத்தைத் தாண்டினால், வருமான வரித்துறை வழிகாட்டி மதிப்பையே நீங்கள் விற்ற விலையாக எடுத்துக்கொள்ளும். கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டுவீர்கள்.

கே: பாதியைக் கறுப்பில் தருவதாகச் சொல்கிறார். விலையும் கூடுதலாக வருகிறது. (வாசகர், கோவை)

ப: சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கேட்கச் சட்டம் இருக்கிறது. கூடுதல் விலை யாருக்கு என்று இப்போது சொல்லுங்கள்.

கே: எங்கள் நிலைக்கதவும் தூண்களும் பர்மா தேக்கு. அதற்குத் தனியாக எவ்வளவு சேர்க்கலாம்? (காரைக்குடி)

ப: வாங்குகிறவர் குடியிருக்கப் போகிறாரா, இடிக்கப் போகிறாரா? முன்னவர் தேக்குக்கு மனம் விட்டுக் கொடுப்பார். பின்னவர் ஒரு பைசா தரமாட்டார், ஆனால் இடிப்பு கான்ட்ராக்டரிடம் அதற்குக் காசு வாங்கிக்கொள்வார்.

உங்கள் ஊரிலேயே முனீஸ்வரன் கோயில் தெரு இருக்கிறது. பழைய சாமான் கடைகளில் ஒரு நடை நடந்து, தூண் என்ன விலை என்று கேளுங்கள். அடுத்த கடையில், நான் கொண்டுவந்தால் என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது பதில்தான் உங்களுடையது. அதற்கு முன் நிலையின் கால் தரையைத் தொடும் இடத்தை விரலால் தட்டிப் பாருங்கள். நல்ல தேக்கு கணீரென்று பேசும், கரையான் குடியேறியது பொத்தென்று சொல்லும்.

எந்தத் தூண், எந்தக் கதவு, எந்த ஊஞ்சல் வீட்டோடு போகிறது என்பதை அக்ரிமென்ட்டிலேயே எழுதுங்கள். கோடி ரூபாய்க் கிரயம் ஊஞ்சல் பலகையில் முட்டி நிற்க வேண்டாம்.

கே: தெரு அகலம் விலையை அவ்வளவு பாதிக்குமா? (வாசகி, வேலூர்)

ப: எத்தனை மாடி எழுப்பலாம் என்பதைச் சாலை அகலமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மணல் லாரி திரும்ப முடியாத சந்தில், பில்டரும் திரும்பமாட்டார்.

கே: வெள்ளையடித்துவிட்டுக் காட்டினால் விலை ஏறுமா? (தஞ்சாவூர்)

ப: ஏறாது, சீக்கிரம் விற்கும். ஓதம் ஏறிய சுவருக்கு மட்டும் பெயின்ட் பூசாதீர்கள். வாங்குகிறவரோடு வரும் மேஸ்திரி உள்ளங்கையை வைத்தே கண்டுபிடிப்பார், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். மொட்டை மாடி ஒழுகலை அடையுங்கள். அதற்கு ஆகும் செலவைவிட, அதைக் காட்டி வாங்குகிறவர் குறைக்கும் தொகை பெரிது.

கே: எங்கள் வீட்டுக்கு அடிமனை கோயிலுடையது. விலை சொல்லலாமா? (மயிலாப்பூர்)

ப: கட்டடத்துக்கு மட்டும். சாமியின் மண்ணைச் சேர்த்து எழுதினால் பதிவு அலுவலகமே திருப்பி அனுப்பும்.

கே: தாத்தா 1962-ல் நாலாயிரத்துக்கு வாங்கியது. அந்த நாலாயிரம் போக மீதி எல்லாம் லாபம் என்று வரி போடுவார்களா? (மதுரை)

ப: பயப்படாதீர்கள். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக வைத்துக்கொள்ளலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். பிறகு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன்பே உங்கள் கைக்கு வந்த சொத்து என்றால், பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் வழியும் உண்டு. எது குறைவோ அது.

விற்ற இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினால், லாபத்தில் அதற்குப் போட்ட அளவுக்கு வரி கிடையாது. விலை பேசுமுன் ஆடிட்டரிடம் போங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு போனால் அவர் ஆறுதல் மட்டும் சொல்வார்.

கே: விலை படிந்துவிட்டது. கட்டிக்கொடுத்த அக்காவிடமும் கையெழுத்து வாங்க வேண்டுமா? (விழுப்புரம்)

ப: கையெழுத்து மட்டுமா? பங்கும் கொடுக்க வேண்டும். அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வீடு, உயில் இல்லை என்றால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. சீர் செய்தோமே என்று கணக்குக் காட்டாதீர்கள், சட்டத்தில் சீருக்குக் கழிவு இல்லை. விலை சொல்லுமுன் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டும். இன்றே பேசுங்கள். அவர் கையெழுத்து இல்லாத வீட்டுக்குப் பாதி விலைகூட யாரும் தரமாட்டார்கள்.

கே: அம்மா அந்த வீட்டிலேயே இருக்க ஆசைப்படுகிறார். நல்ல விலை வருகிறது, என்ன செய்ய? (நாகர்கோவில்)

ப: வீடு அம்மா பெயரில் என்றால் கேள்வி என்னிடம் வந்திருக்கவே கூடாது. அப்பா பெயரில் என்றாலும் அம்மா ஒரு பங்குக்காரர். அவர் இருக்கட்டும், மனை எங்கும் ஓடிவிடாது.

கே: பேரத்துக்கு எவ்வளவு ஏற்றிச் சொல்லலாம்? (சேலம்)

ப: ஐந்து சதவீதம். அதற்கு மேல் போனால் வாங்க வருகிறவர் வாசலோடு போய்விடுவார். முத்திரைக்கு 7, பதிவுக்கு 2 என்று அவர் 9 சதவீதம் தனியாக எடுத்துவைத்துக்கொண்டு வருகிறார். மாதக்கணக்கில் ‘விற்பனைக்கு’ பலகை தொங்கும் வீட்டைப் பார்த்தால், விலை என்ன என்று எவரும் கேட்பதில்லை. என்ன வில்லங்கம் என்றுதான் கேட்பார்கள்.