கேள்வி-பதில்: ஏ.கே. செட்டியாரின் காந்தி படம்

? ஏ.கே. செட்டியாரைப் பயண எழுத்தாளர் என்றுதான் அறிவேன். அவருக்கும் ஆவணப்படத்துக்கும் என்ன சம்பந்தம்?
- சிவகங்கை வாசகர்

மகாத்மா காந்தியைப் பற்றி முதல் முழுநீள ஆவணப்படம் எடுத்தவரே அவர்தான். 1911-ல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். டோக்கியோவுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் போய்ப் புகைப்படக் கலை படித்தார். 1940 ஆகஸ்டில் அவருடைய 'மகாத்மா காந்தி' சென்னையில் திரைக்கு வந்தபோது அவருக்கு வயது 28.

? படம் எடுக்கும் எண்ணம் எப்படி வந்தது?
- திருச்சி வாசகி

நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது வந்தது. அன்றைய தேதி 1937 அக்டோபர் 2.

? காந்தி அப்போது உயிரோடுதானே இருந்தார்? வார்தாவுக்குப் போய் நேராகப் படம் பிடிக்காமல் ஏன் உலகமெல்லாம் அலைந்தார்?
- மதுரை வாசகர்

நல்ல கேள்வி. வார்தாவுக்குப் போனால் 1938-ன் காந்தி கிடைப்பார். 1930-ல் தண்டிக்கு நடந்த காந்தியும், 1931-ல் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டனில் இறங்கிய காந்தியும் கிடைக்க மாட்டார்கள். அவர்களை வேறு யார் யாரோ ஏற்கெனவே படம் பிடித்திருந்தார்கள். செய்திப்படக் கம்பெனிகளின் ஆட்கள் கேமராவோடு வந்து எடுத்துப்போன சுருள்கள், கம்பெனிக் கிடங்குகளிலும் தனியார் வீடுகளிலும் தேசத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடந்தன. ஒவ்வொரு கதவாகத் தட்டி, சுருளைப் போட்டுப் பார்த்து, பிரதி கேட்டு வாங்கினார் செட்டியார். முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய நூறு பேர் எடுத்த காட்சிகள் இப்படி ஒன்று சேர்ந்தன. மொத்தம் 50,000 அடி.

திரையரங்கில் ஓடும் பிலிமில் ஆயிரம் அடி என்பது பதினோரு நிமிடம். அவர் கையில் இருந்தது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். அதை 12,000 அடியாக, அதாவது இரண்டேகால் மணி நேரத்துக்குள், சுருக்கினார். இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மௌனப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குப் பதினாறு, பதினெட்டுப் படங்கள்தான் பதியும். பேசும்படத்துக்கு இருபத்து நான்கு. பழைய சுருளை அப்படியே புது வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் நடக்க மாட்டார்கள், ஓடுவார்கள். காந்தியோ இயல்பிலேயே விறுவிறுவென்று நடப்பவர்! வெட்டுவது, ஒட்டுவது, வேகத்தைப் பார்ப்பது என்று பழைய சுருளில் பிழைப்பவருக்குப் படம் பிடிப்பவரைவிட வேலை அதிகம். செட்டியாரின் சாதனை இந்த உழைப்பில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

? ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார் என்கிறார்களே, மிகைதானே?
- ஈரோடு வாசகர்

மிகை இல்லை. பூமியின் சுற்றளவு சுமார் 25,000 மைல். அதை நான்கு முறை சுற்றிய தூரம், அதுவும் பெரும்பாலும் கப்பலிலும் ரயிலிலும். அவருடைய ஒரு புத்தகத்துக்கு 'உலகம் சுற்றும் தமிழன்' என்று பெயர். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகவும் நின்றது. அந்தப் பெயருக்கு முழு உரிமை உள்ளவர்.

? இந்தப் படத்தைக் காந்தி பார்த்தாரா?
- நாகர்கோவில் வாசகி

சினிமா மீது அவருக்குப் பற்றே கிடையாது. சுதந்திரத்தை ஒட்டி டெல்லியில் இதன் இந்திப் பதிப்பைத் திரையிட்டார்கள். காந்தி டெல்லியில் இல்லை. கல்கத்தாவில் கலவரம் அடங்க வேண்டி உண்ணாநோன்பும் பிரார்த்தனையுமாக இருந்தார்.

? செட்டியாரைப் பற்றி அவரே எழுதியது ஏதாவது உண்டா? தேடித் தேடி அலுத்துவிட்டேன்.
- கோவை வாசகர்

அலுக்கத்தான் செய்யும். தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளாத மனிதர் அவர். 1943 முதல் 1983-ல் மறையும்வரை 'குமரி மலர்' நடத்தினார். பழைய பத்திரிகைகளிலிருந்தும் அரிய நூல்களிலிருந்தும் தேடி எடுத்து அதில் மறுபதிப்புச் செய்தார். தன் பெருமைக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை. ஆனாலும் காந்தி படம் எடுத்த அனுபவத்தை எழுதியிருக்கிறார். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலை வாங்கிப் படியுங்கள். தமிழில் ஒரு படம் உருவான கதையைச் சொல்லும் நூல்களில் இதற்கே என் முதலிடம்.

? என் மகள் ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்கிறாள். அது சோறு போடுமா?
- சேலம் வாசகர்

பெரும்பாலும் போடாது. வேறொரு வேலையும் கையில் இருக்கட்டும். ஆனால் தடுக்காதீர்கள். எடுக்கும் ஒவ்வொரு காட்சிக்கும் யார், எங்கே, என்று என்பதை அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பேர் எழுதாத காட்சி பத்து வருஷம் கழித்து யாருக்கும் பயன்படாது.

? காந்தி படத்தை இப்போது எங்கே பார்க்கலாம்?
- காரைக்குடி வாசகர்

எழுதவே மனம் வலிக்கிறது. 1940-ல் வந்த தமிழ்ப் பதிப்பு முழுதாக இன்று கிடைக்கவில்லை. 1953-ல் ஹாலிவுட்டில் சுருக்கித் தயாரித்த ஆங்கிலப் பதிப்பு மட்டும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இருந்து மீண்டும் கிடைத்தது. அந்தக் காலத்துத் திரைப்படச் சுருள் நைட்ரேட்டில் ஆனது. சட்டென்று தீப்பிடிக்கும், தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாவிட்டாலும் நம் ஊர்ச் சூட்டில் பழுப்பேறிப் பிசுபிசுத்து, அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் டப்பாவுக்குள் பொடியாகிவிடும். ஒரு லட்சம் மைல் அலைந்து சேர்த்ததைக் குளிரூட்டிய ஓர் அறையில் வைக்க நமக்குத் தோன்றவில்லை. இந்தக் குற்றத்தில் ஒரு தலைமுறைக்கே பங்கு உண்டு.

? எங்கள் பாட்டனார் சினிமா கொட்டகை நடத்தினார். பரணில் துருப்பிடித்த பிலிம் டப்பாக்கள் கிடக்கின்றன. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?
- புதுக்கோட்டை வாசகர்

போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். புரொஜெக்டரில் மாட்டி ஓட்டியும் பார்க்காதீர்கள். அடுப்பும் விளக்கும் பக்கத்தில் இல்லாத, காற்றோட்டமான, வெயில் படாத இடத்துக்கு மாற்றுங்கள். டப்பா மேல் எழுதியிருப்பதைப் போட்டோ எடுங்கள். புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இயங்குகிறது, அங்கே தகவல் தெரிவியுங்கள். பழைய நோட்டீசு, பாட்டுப் புத்தகம், சுவரொட்டி இருந்தால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். அதன் மூலச் சேகரத்தைத் திரட்டிய ரோஜா முத்தையாவும் அதே கோட்டையூர்க்காரர்தான். தமிழ்நாட்டில் கொட்டகை நடத்திய எல்லாக் குடும்பங்களுக்கும் இதையே சொல்கிறேன்: இந்த வாரமே ஒருமுறை பரணில் ஏறிப் பாருங்கள்.