எம்டன் வந்த வழி

கேள்வி: செங்கடலில் குண்டு விழுந்தால் காசிமேட்டில் மீன் விலையா ஏறும்? நமக்கெதற்கு உலக அரசியல்?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஏறும். விசைப்படகு டீசலில்தானே ஓடுகிறது! நாம் ஒதுங்கினாலும் உலக அரசியல் நம்மைத் தேடி வரும். ஐரோப்பாவில் மூண்ட போர், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலாக நம் சென்னைத் துறைமுகத்துக்கே வந்தது. நகர விளக்குகள் வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தன. குறிபார்க்க வசதியாகப் போயிற்று. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிய, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். காவல் இல்லாத செல்வத்துக்கு அதுதான் கதி.

2023 நவம்பரில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் சரக்குக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையைப் பாருங்கள். வண்டி நிழலில் அடுப்புப் பற்றவைத்துச் சோறு வடிக்கிறாரே டிரைவர், அவருடைய கூலியும் அந்தக் கடல் வழியில்தான் இருக்கிறது.

கடற்படைக்குச் செலவிடுவது வீண் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்குக் கைதட்டாதீர்கள். ஒழுங்கும் காவலும் இருந்தால்தான் தொழில், தொழில் இருந்தால்தான் கூலி. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் என்ன இலவசம் என்று கேட்காதீர்கள். கடலுக்கு என்ன காவல் என்று கேளுங்கள்.