மூலையில் இருக்கிறது லாபம்

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகள் எந்நேரமும் கோடு போட்டு நிழல் தீட்டுகிறாள். அசமன்பாடுகளாம். இதெல்லாம் எந்த அடுப்பில் வேகும்?
(ஒரு வாசகி, கல்யாண்)

பதில்: தாராவி அடுப்பில் நன்றாகவே வேகும்! விடியுமுன் இட்லி அவித்து மும்பை முழுக்க அனுப்பும் நம்மவர் வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு 4 கிலோ உளுந்து, 6 மணி நேரம். இட்லியோ வடையோ, கூடைக்கு 1 கிலோ உளுந்து என்று வைப்போம். நேரம் மட்டும் இட்லிக்கு 1 மணி, வடைக்கு 2 மணி. லாபம் முறையே 200, 300 ரூபாய். இட்லிக் கூடைகள் இ, வடைக் கூடைகள் வ என்றால்:

இ + வ ≤ 4
இ + 2வ ≤ 6

இரண்டு கோடுகளையும் வரைந்தால், நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம்தான் அந்த வீட்டால் முடிந்த வேலை. அதன் மூலைகளைப் பார்த்தாலே போதும். வெறும் இட்லி 4 கூடை என்றால் 800. வெறும் வடை 3 கூடை என்றால் 900. கோடுகள் வெட்டும் இடத்தில், இரண்டிலும் 2 கூடை: 1,000 ரூபாய்!

பண்டம் பத்தாகிவிட்டால் தாளில் வரைய முடியாது. அதற்குத்தான் 1947இல் கணிதவியலாளர் டான்ட்சிக் மூலைக்கு மூலை நகரும் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டார். 1984இல் நிழலின் உள்ளே புகுந்தே விடைக்குப் போகும் வழியைத் தந்த நரேந்திர கர்மார்கர், உங்கள் பக்கத்துப் பவாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர்.