கொட்டகை முதலாளி

இங்கிலாந்தில் தோட்டத்துக் கோடியிலுள்ள மரக்கொட்டகையில் நள்ளிரவு வரை விளக்கு எரிந்தால், உள்ளே இருப்பவர் ஒன்று வீட்டில் மனஸ்தாபப்பட்டவராக இருப்பார். இல்லையென்றால் குட்டி நீராவி எஞ்சின்களுக்கு உதிரிபாகம் செய்து விற்பவராக இருப்பார். சிலர் இரண்டுமாக இருப்பதுண்டு.

குட்டி எஞ்சின் என்றதும் கொலுவில் வைக்கிற பொம்மை என்று நினைத்துவிட வேண்டாம். தண்டவாளங்களுக்கு நடுவே 5 அங்குலம்தான் இடைவெளி. ஆனால் நிஜ நிலக்கரி, நிஜக் கொதிகலன், நிஜ ஆவி. பின்னால் கோத்த பெட்டியில் தொப்பையும் தொந்தியுமாக நாலைந்து பெரியவர்கள் கால்பரப்பி உட்கார்ந்தாலும் இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பைத்தியத்துக்கென்றே ‘மாடல் எஞ்சினியர்’ என்ற பத்திரிகை 1898-இல் தொடங்கியது. ‘எல்லாவற்றையும் நம் கையாலேயே செய்ய வேண்டும்’ என்பதுதான் இந்தக் கூட்டத்தின் வேதம். எல்லாவற்றையும் எவராலும் செய்ய முடியாது என்பது நடைமுறை. வேதத்துக்கும் நடைமுறைக்கும் நடுவிலுள்ள அந்தச் சந்தில்தான் நம்மவர் கடை போட்டிருக்கிறார்.

ஆலையில் வாழ்நாளெல்லாம் லேத் பிடித்து, ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டில் லேத் பிடித்தவர். கொட்டகை நடுவே மைஃபோர்டு லேத் ஒன்று நாயகமாக வீற்றிருக்கும். நாட்டிங்காமை ஒட்டிய பீஸ்டனில் அதைச் செய்த பழைய கம்பெனி 2011-இல் கடையைக் கட்டிவிட்டது. லேத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. கம்பெனியின் தபால் பிரிவு, கணக்குப் பிரிவு, புகார்ப் பிரிவு மூன்றும் மனைவிதான். பித்தளைச் சீவல் படுக்கையறைக் கம்பளம் வரை வந்துசேரும்போது, புகார் கொடுப்பவரும் வாங்கிக்கொள்பவரும் அந்த அம்மாள் ஒருவரே.

இவருடைய பெருமைக்குரிய சரக்கு இன்ஜெக்டர். 1858-இல் ஹென்றி ஜிஃபார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது. கொதிகலனிலிருந்து வரும் ஆவியைக் கொண்டே, அதே கொதிகலனுக்குள், அதே அழுத்தத்தை எதிர்த்துத் தண்ணீரைத் தள்ளுவது! கேட்டால் நியாயமே இல்லாத வேலை. ஆவி பாய்கிற வேகத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. விரியும் கூம்பில் அந்த வேகம் அழுத்தமாக மாறி வால்வைத் தள்ளித் திறக்கிறது. உள்ளே ஒரே நேர்கோட்டில் மூன்று கூம்புகள். குட்டி எஞ்சினில் அவற்றின் கழுத்துத் துளை ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின் இருக்கும். அதைக் கடைகிற சரிவான ரீமர் கடையில் கிடைக்காது. எஃகுக் கம்பியைச் சரிவாகக் கடைந்து, பாதியை அராவி எடுத்து, சிவக்கக் காய்ச்சித் தோய்த்து, எண்ணெய்க் கல்லில் தீட்டி அவரே செய்துகொள்வார். முடித்த இன்ஜெக்டரைச் சோதனைக் கொதிகலனில் மாட்டிக் காதைச் சாய்ப்பார். கீழ்க்குழாயில் சொட்டுவது நின்று ‘ஙீ’ என்று சுருதி கூடினால் பாஸ். கூடாவிட்டால் அந்த ஒரு நாள் உழைப்பு பழைய பித்தளை டப்பாவுக்குப் போகும்.

இத்தனை பாடுபட்டு அனுப்பினாலும் போன் வரும்.

“உங்க இன்ஜெக்டர் தண்ணி ஏத்த மாட்டேங்குதே!”

“முன்னாடி ஏத்துச்சா?”

“போன மாசம் வரைக்கும் ஜோரா ஏத்துச்சு.”

“தொட்டித் தண்ணி சூடாயிருக்கா?”

“வெயில்ல நின்னுது, கொஞ்சம் வெதுவெதுன்னு…”

இங்கிலாந்தில் வெயிலா என்று சந்தேகித்தாலும் காட்டிக்கொள்ள மாட்டார். “தண்ணிய மாத்துங்க. குழாய் இணைப்புல காத்து இழுக்குதான்னு பாருங்க. கடைசியா எப்ப கழட்டிச் சுத்தம் பண்ணீங்க?”

எதிர்முனையில் மௌனம்.

“கூம்பையெல்லாம் கழட்டி ராத்திரி வினிகர்ல போட்டு வைங்க. சுண்ணாம்பு படிஞ்சிருக்கும்.” ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. போனை வைத்ததும் தன்னைப் போலவே இன்னொருவர் இந்த உலகத்தில் கஷ்டப்படுகிறார் என்ற ஆறுதல் மட்டும் வருமானம்.

வாடிக்கையாளர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. பி.ஏ. என்ற பழைய திருகு அளவுமுறையில்தான் போல்ட் வேண்டும் என்பார்கள். அதில் எண் ஏற ஏற போல்ட் இளைக்கும். அதற்கும் வழக்கமான அறுகோணத் தலை கூடாது. ஒரு சைஸ் சின்னத் தலை வேண்டும். பெரிய தலை இருந்தால் நிஜ எஞ்சின் மாதிரி இருக்காதாம். வண்டி ஓடும்போது அந்தத் தலையை யார் குனிந்து பார்ப்பார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். குனிந்து பார்க்கவே ஒரு கூட்டம் இருக்கிறது.

கண்காட்சியில் மேசை போடும்போது அந்தக் கூட்டத்தை நேரில் காணலாம். ஒருவர் வருவார். சேஃப்டி வால்வை எடுத்து, மரையை நகத்தால் தடவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “இதை நானே பண்ணிடுவேனே” என்று வைத்துவிட்டுப் போவார். நம்மவருக்குக் கோபமே வராது. “தாராளமா பண்ணுங்க” என்று வரைபடத்தையும் இனாமாகக் கொடுத்தனுப்புவார். அடுத்த வருஷம் அதே ஆசாமி வருவார். ஒரு பேச்சு இருக்காது. இரண்டு வால்வு வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்.

விலை போடுவதில்தான் முதலாளித்தனம் முழுசாக வெளிப்படும். பித்தளைக் கம்பியின் விலை, தபால்செலவு, உறையின் காசு: கூட்டிச் சொல்லிவிடுவார். கூலி சேர்ப்பதில்லை; சேர்த்தால் அந்த விலைக்கு அவரே வாங்க மாட்டார். பிரிட்டிஷ் அரசு 2017 முதல் இப்படிப்பட்ட சில்லறைத் தொழிலில் வருஷத்துக்கு 1,000 பவுண்டு வரவுக்கு வரி இல்லை என்று விட்டிருக்கிறது. அதைத் தாண்டிவிட்ட வருஷங்களில் அவர் முகத்தில் லாபக்களை தெரியாது. படிவம் நிரப்ப வேண்டிய சோகம்தான் தெரியும். வாட் பதிவுக்கான 90,000 பவுண்டு எல்லையைப் பற்றிச் சொன்னால், வானிலை அறிக்கை கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

சரக்கு எப்போது வரும் என்றால் “வசந்த காலத்துக்குள்” என்பார். எந்த வருஷத்து வசந்தம் என்று சொல்லவும் மாட்டார், எவரும் கேட்கவும் மாட்டார். கேட்கிறவருடைய எஞ்சினே இருபது வருஷமாகச் சக்கரத்தோடு நின்றுகொண்டிருக்கிறது. அவசரம் யாருக்கு?

இவ்வளவுக்கும் ஆதிகாரணம் கொட்டகை மூலையில் துணி போர்த்திக் கிடக்கிறது: அவருடைய சொந்த எஞ்சின். கொதிகலனுக்குச் செப்புத் தகடு வாங்கக் காசு வேண்டுமென்று நாலு வால்வு செய்து விற்றார். காசு வந்தது, தகடும் வந்தது. கூடவே ஆர்டரும் வந்தது. அன்றிலிருந்து அந்தத் தகட்டை வளைக்க நேரமில்லை.

ஒருநாள் முட்டி வலிக்கும், கண் மங்கும். ‘தொழில் விற்பனைக்கு’ என்று விளம்பரம் கொடுப்பார். வரைபடங்கள், ரீமர்கள், முடிக்காத ஆர்டர்கள் எல்லாம் சேர்த்து ஒரே விலை. வாங்க ஓர் இளைஞர் வருவார். வயது 63, போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். ரீமர்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். “சும்மா ரெண்டே வருஷம்தான் சார் நடத்தப்போறேன். என் எஞ்சினுக்குக் கொதிகலன் வாங்கக் கொஞ்சம் காசு சேர்ந்ததும் விட்டுடுவேன்” என்பார்.

நம்மவர் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.