கட்டிய பெட்டியின் இயல்பும் அது பிரிக்கப்பட்ட முறையும்: 2020ஆம் ஆண்டு ஊரடங்கை முன்வைத்து ஓர் ஆய்வு

பயணத்துக்கெனத் துணிமணிகள் அடுக்கப்பட்டு, ஜிப் இழுத்து மூடப்பட்டு, ஆயினும் வீட்டு வாசலைத் தாண்டாத பெட்டி இக்கட்டுரையில் ‘கட்டிய பெட்டி’ எனப்படும். பரணில் கிடக்கும் வெறும் பெட்டியும், ஊர் போய்த் திரும்பி அழுக்குத் துணியோடு கூடத்தில் கிடக்கும் பெட்டியும் இதில் அடங்கா. அகத்திணை இலக்கணத்தார் வகுத்தவாறே இதற்கும் முதல், கரு, உரி என்னும் மூன்றும் உண்டு. முதற்பொருளில் நிலமாவது கட்டிலுக்கு அடிப்புறம். பொழுதாவது 2020 மார்ச் 22 முதல் செப்டம்பர் 7 வரை. கருப்பொருள் துண்டு, பற்பசை, பருப்புப்பொடி முதலியன. உரிப்பொருள் புறப்படாமையும் புறப்படாமை நிமித்தமும்.

தமிழ்நாட்டில் மார்ச் 17 முதல் பள்ளிகள் மூடப்பட்டபோது, எதிர்பாராமல் கிடைத்த விடுமுறையை வீணாக்கலாகாது எனக் கருதிய சென்னை வீடுகள் சில, திருநெல்வேலியில் இருக்கும் ஆச்சியைப் பார்த்துவர நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் தேடிப் பெட்டியையும் கட்டி முடித்தன. மக்கள் ஊரடங்கு நாளாகிய 22ஆம் தேதி, மாத இறுதிவரை பயணிகள் ரயில் இல்லை என்ற அறிவிப்பு வந்ததும் பெட்டி கட்டிலுக்கு அடியில் தள்ளப்பட்டது. ஒன்பது நாளுக்காக மடித்த துணியைக் கலைப்பது மடமை என்பதே அன்றைய பொதுக் கருத்து. அது பிழையென்று அன்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

பின்னர் ஊரடங்கின் கெடு ஏப்ரல் 14, மே 3, மே 17, மே 31 என நீண்டுகொண்டே போக, பெட்டியின் உள்ளடக்கமும் அதற்கேற்பக் குறைந்தது. ஆயினும் பெட்டியைப் பிரித்ததாக எந்த வீட்டாரும் ஒப்புக்கொள்வதில்லை. நிகழ்ந்தது ‘கைமாற்றுப் பிரிப்பு’ எனத்தக்கது. அதாவது, ஊருக்குப் போகும்போது திரும்ப வைத்துவிடலாம் என்ற உறுதியின்பேரில் ஒவ்வொரு பொருளாகக் கடன் பெறுவது. முதலில் போனது பற்பசை. கடை திறக்கும் நேரம் சுருங்கியதால் அது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. அடுத்து, ஆச்சிக்கென அரைத்த பருப்புப்பொடி, காய்கறி கிடைக்காத ஒரு நண்பகலில், மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த டேப் கத்தியால் கீறப்பட்டு, சூடான சோற்றின்மேல் கொட்டப்பட்டது. நல்லெண்ணெய் வாங்கிவரப் பெட்டியோரம் செருகியிருந்த ஐந்து லிட்டர் காலி கேனில் பிளீச்சிங் பவுடர் கரைக்கப்பட்டதை மட்டும் ‘மீளாப் பிரிப்பு’ எனத் தனியே வகைப்படுத்த வேண்டும். அதற்குப்பின் அந்தக் கேன் எண்ணெய்க்கு ஆகாது. அவ்வாண்டு ஊர்ப்பயணம் இல்லை என்பதை, வாயால் சொல்லாமல், வீடு ஏற்றுக்கொண்ட இடம் அதுவே.

இதற்கிடையே, 120 நாள்களுக்கு முன்பே முன்பதிவு செய்யலாம் என்ற அன்றைய விதியை நம்பி, கிருமியின் பெயரே காதில் விழாத ஜனவரி முதல் வாரத்தில் எடுத்த மே மாதச் சீட்டும் ரத்தாயிற்று. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவருக்கும் உறுதியான படுக்கை பெற்றவருக்கும் முழுக் கட்டணமே திரும்பியது. இவ்விரு வகுப்பாரும் சமமாக நடத்தப்பட்ட அரிய தருணம் அது. சாலைவழியே செல்ல இ-பாஸ், அதாவது மாவட்ட எல்லையைக் கடக்க இணையத்தில் பெறும் அனுமதி, தேவைப்பட்டது. தொடக்கத்தில் திருமணம், இறப்பு, மருத்துவம் முதலிய சில காரணங்களுக்கே அது வழங்கப்பட்டமையால், நலமாக இருக்கும் ஆச்சியைச் சும்மா பார்த்துவர விரும்பியோர் எந்தக் காரணத்திலும் அடங்கவில்லை. ஜூன் 1 முதல் மாநிலத்துக்குள் ஓடிய சிறப்பு ரயில்களிலும் சென்னைக்கு இடமில்லை.

செப்டம்பர் 1இல் மாநிலத்துக்குள் இ-பாஸ் நீக்கப்பட்டு, 7ஆம் தேதி மாவட்டங்களுக்கிடையே பேருந்தும் ரயிலும் ஓடத் தொடங்கியபோது, பெட்டியில் எஞ்சியிருந்தவை ஒரு பட்டுச்சேலையும் இரண்டு அந்துருண்டைகளும் மட்டுமே. இந்நிலையில் அது கட்டிய பெட்டியா, காலிப் பெட்டியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குடும்பத் தலைவர் பின்னதே எனத் துணிந்து பரணில் ஏற்ற ஏணியைக் கொண்டுவர, தலைவியோ, “ஊருக்குப் போக எடுத்துவச்ச பெட்டிய யாராவது பரண்ல போடுவாங்களா?” என்று கேட்க, ஏணி வந்த வழியே திரும்பிற்று.