சீனியும் வெளிச்சமும்

கேள்வி: சீனியில் செய்த ஜெல் வெளிச்சம் பட்டால் தண்ணீராக ஓடுமாமே, நம்பலாமா?
- ஒரு வாசகர், நற்பிட்டிமுனை

பதில்: தாராளமாக நம்பலாம். நோன்பு திறக்கும்போது நீங்கள் சாப்பிடும் கடற்பாசியே, சர்க்கரைச் சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் ஜெல்தான். அதை இளக்க அடுப்பு வேண்டும்; சுமார் 85 பாகை செல்சியஸ். ஆய்வுகூடத்து ஜெல்லுக்கு ஒரு விளக்கே போதும்.

சூட்சுமம் இதுதான். சிறிய சர்க்கரை மூலக்கூறோடு, ஒளி பட்டால் வடிவம் மாறும் அசோபென்சீனை இணைக்கிறார்கள். சர்க்கரைப் பகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோக்கும். தட்டையான அசோபென்சீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். யாரும் பின்னாமலே நார் உருவாகி, வலையாகி, திரவத்தைப் பிடித்துவைக்கும். 365 நானோமீட்டர் புற ஊதா ஒளி பட்டதும் அசோபென்சீன் வளையும், அடுக்கு குலையும், ஜெல் ஓடும். நீல ஒளியோ சூடோ அதை மறுபடி நிமிர்த்திவிடும். இந்த வளைவை இரசாயனவியலாளர் ஹார்ட்லி 1937இலேயே கண்டுபிடித்துவிட்டார்.

நமக்கு என்ன பயன்? 2020 செப்டெம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் சுமார் 270,000 தொன் மசகு எண்ணெயோடு 'நியூ டயமண்ட்' கப்பல் எரிந்தபோது நம் கரையே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த மசகு எண்ணெய் கடலில் கொட்டாததால் தப்பினோம். அப்படிக் கொட்டினால் சர்க்கரை ஜெல் கைகொடுக்கலாம். 2010இல் நியூயோர்க் சிட்டி கல்லூரியின் ஜோர்ஜ் ஜோன் குழுவினர், சர்க்கரை ஆல்கஹாலில் செய்த மூலக்கூறால் தண்ணீரை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் உறையவைத்துக் காட்டினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தஞ்சை சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் சர்க்கரை ஜெல் ஆய்வு நடந்திருக்கிறது.

இரசாயனம் படிக்கும் கல்முனைப் பிள்ளைகளே, தேத்தண்ணீரில் சீனியைக் குறையுங்கள், ஆய்வுகூடத்தில் கூட்டுங்கள்!