ஆட்டிப் பார்த்த பல்பு

கெங்குவார்பட்டியில் எங்கள் வீட்டுக்கு அப்போது மொத்தம் இரண்டு குண்டு பல்புகள். திண்ணையில் 40 வாட், உள்ளே 60 வாட். கொடைக்கானல் மலை இருட்டியதும் ஊரே ஸ்விட்சைப் போடும். வோல்டேஜ் இறங்கி, இழை அணையப்போகிற கங்கு மாதிரி சிவந்து கிடக்கும். "ஆளில்லாத எடத்துல எதுக்குடா லைட்டு, அமத்து" என்பார் அப்பத்தா.

பல்பு பியூஸ் போனால் அப்பா காதருகே வைத்து ஆட்டுவார். கிலுகிலுவென்றால் இழை அறுந்திருக்கிறது. மறுபடி மாட்டி மெல்லத் தட்டுவார். அறுந்த நுனிகள் தொட்டு ஒட்டிக்கொண்டால், இழை குட்டையானதால் முன்னைவிடப் பளிச்சென்று எரியும். ஆனால் சில நாள்தான் தாங்கும். தின்ற மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்குதான் வெளிச்சம், மிச்சமெல்லாம் சூடு என்பது பின்னால் படித்துத் தெரிந்தது.

டியூப்லைட், சோக், ஸ்டார்ட்டர் என்று சில வருஷம் போனது. பிறகு சிஎஃப்எல். அதற்குள் பாதரசம். 2016 மின்னணுக் கழிவு விதிகளில் சிஎஃப்எல்லும் சேர்ந்தது. எங்கள் தெருவில் உடைந்த சிஎஃப்எல் போனதென்னவோ சாக்கடைக்குத்தான்.

எல்இடி வந்தது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகாமுரா மூவரும் 2014இல் நோபல் பெற்றார்கள். 2015 ஜனவரியில் எல்இடி பல்பை மலிவாகக் கொடுக்கும் உஜாலா திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான இஇஎஸ்எல் 2014இல் 310 ரூபாய்க்கு வாங்கிய பல்பு, 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 60 வாட் தந்த வெளிச்சத்தை இன்று 9 வாட் தருகிறது. அப்பத்தா இருந்திருந்தால் திண்ணை விளக்கை விடிய விடிய எரியவிட்டிருப்பார்.

என் வருத்தம் வேறு. அட்டையில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. பல்பு பாதியிலேயே போகிறது. பெரும்பாலும் சூட்டில், மின்சாரத்தைச் சிப்புகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட் போகும், இல்லாவிட்டால் ஒரே ஒரு சிப். வத்தலக்குண்டில் ஒரு மெக்கானிக் வெள்ளை மூடியை நெம்பிக் காட்டினார். வட்டமாக மஞ்சள் சிப்புகள். ஒன்றில் மட்டும் கடுகளவு கரும்புள்ளி. வரிசை இணைப்பு என்பதால் அது போனதும் எல்லாமே அணைந்துவிட்டன. அதன் மேல் ஈயம் வைத்து இணைத்தார், மற்றவை எரிந்தன. கூலி ஒரு டீக் காசு.

உள்ளே கை வைத்தால் ஷாக் அடிக்கும் என்பது வாஸ்தவம்தான். அதற்காக வேலை தெரிந்தவரும் எளிதில் திறக்க முடியாதபடி மூடியைப் பசை போட்டு ஒட்டவேண்டுமா? அட்டையில் இருக்கும் நட்சத்திர முத்திரை, பல்பு எவ்வளவு மின்சாரம் மிச்சம் பிடிக்கும் என்று சொல்கிறது. பழுது பார்க்க வருமா என்பதையும் அதே அட்டையில் அச்சடிக்கச் சொல்லவேண்டும்.